மிரட்டாசுரனின் தோட்டம்

பக்கங்களைப் புரட்டினால் இன்றும் அந்தப் புத்தகத்திலிருந்து காய்ந்த ரப்பர்ப்பாலின் புளித்த வாடை எழுகிறது. நாற்பதாம் பக்கமும் நாற்பத்தோராம் பக்கமும் சேருமிடத்தில், பழுப்பேறிய ஒரு துளி பால் இரண்டையும் ஒட்டவைத்திருக்கிறது. நகைச்சுவை மாயக்கதைகளைப் போற்றுகிறவர்கள் மிகைபடப் பேசுகிறவர்கள் என்று நம்மிடையே ஒரு கருத்து உண்டு. ஆகவே, என் மேசைமேல் கிடக்கும் நான்கு புத்தகங்களில் கண்ணால் காணக்கூடியதையும், நான் அருகிலிருந்து கேட்டதையும், என் தாயிடமும் பக்கத்து வீட்டு மணியம்மா அக்காவிடமும் தனித்தனியே கேட்டு ஒத்துவந்ததையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். ஒத்துவராதவை எத்துணைச் சுவையானவையாயினும் விட்டுவிட்டேன்.

அருகிலிருந்த பகாவ் என்ற ஊரில் பழைய காகிதக் கடையொன்றில் வேலைசெய்த என் சின்னம்மா, நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது அவற்றை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தார். மேலட்டைகளும் முதல் தாள்களும் கிழிந்துபோயிருந்தமையால், நூல்களுக்கும் பெயரில்லை, எழுதியவருக்கும் பெயரில்லை. நான்கையும் எழுதியவர் ஒருவரே என்பதற்கு, நான்கிலும் வரும் மிரட்டாசுரனே சான்று. மந்திரக்கோலை ஆற்றில் தொலைத்துவிட்டு, அதை எவரிடமும் சொல்லாமல், ஒரு முருங்கைக் குச்சியை நீட்டியே ஏழு மலைகளை ஆண்டுவந்த அரக்கன் அவன். விடியுமுன் தன் தோட்டத்துக்கு வந்து, பூதங்களை வரிசையாக நிறுத்திப் பெயர் சொல்லி அழைப்பான். கொட்டாவி விட்ட பூதத்தைத் தவளையாக்கிவிடுவதாகக் குச்சியை ஓங்குவான். குச்சியில் மந்திரமில்லை என்பதை அறியாத பூதமோ, அச்சத்தில் தானாகவே குந்தியமர்ந்து ‘கொர் கொர்’ என்று கத்தத் தொடங்கிவிடும்.

தோட்டம் என்ற சொல்லுக்கு, ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்களான எங்களிடம் இருந்தது ஒரே பொருள்: பால்மரங்கள், வரிசை வீடுகளான ‘லயம்’, விடியற்காலையில் ஆள்களை நிறுத்திப் பெயரழைக்கும் ‘பெரட்டு’. அரக்கனுடையது அரண்மனைப் பூங்காவாக இருக்கலாம் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. இரண்டாம் நூலில் ஓரிடத்தில் எதிர்ப்பட்ட மல்லிகைப் பந்தலை அச்சுப்பிழை என்று கருதி, வாசிக்காமலே தாண்டிவிட்டேன்.

இத்தனை மகிழ்ச்சியைத் தனியே வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. சேகரித்த பாலை எடைபோட்டுவிட்டு வந்த பெண்கள் வாளிகளோடு காத்திருக்கும் பொதுக்குழாயடியான ‘பைப்படி’யில், நீர் சொட்டிச் சொட்டி நிறையும் பிற்பகல்களில், உரக்க வாசித்துக் காட்டினேன்.

“ஏய் பொண்ணு, அந்தக் கொட்டாவிப் பூதத்த இன்னொரு தரம் படி லா! தண்ணி எங்கயும் ஓடிப்போவாது” என்பார் மணியம்மா அக்கா. தம் வாளி நிரம்பி வழிந்தாலும் அவர் நகரமாட்டார். பின்னால் நிற்பவர்கள் ஏசுவார்கள். ஏசிக்கொண்டே அவர்களும் கேட்பார்கள்.

ஒரு நாள் பெரட்டில், பெயர்களைப் படித்து வேலை குறிக்கும் அலுவலக எழுத்தரான கிராணி, தாமதமாக வந்த ஒருவரைக் கடிந்தபடி தம் பேனாவை ஓங்கியபோது, பின்வரிசையிலிருந்து ‘கொர் கொர்’ என்ற ஒலி எழுந்தது. அது தாம்தான் என்று மணியம்மா அக்கா பிற்காலத்தில் என்னிடம் ஒப்புக்கொண்டார். அன்று ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் அனைவரும் சிரித்தார்கள். அச்சிரிப்பின் காரணம் எப்படியோ கிராணியின் காதுக்கு எட்டி, நானும் என் தாயும் புத்தகங்களோடு அலுவலகத்துக்கு அழைக்கப்பட்டோம்.

“யாரு எழுதுனது இது?”

“பேரு இல்லீங்க ஐயா” என்றார் என் தாய்.

“பேரில்லாம புஸ்தகமா? இந்தத் தோட்டத்துலதான் எவனோ என்னப் பத்தி எழுதியிருக்கான்!”

“அச்சுல இருக்குதுங்க ஐயா. நீங்கள்லாம் அச்சுல வரமாட்டீங்க” என்றேன் நான். அவருக்கு ஆறுதல் சொல்வதாகவே நினைத்திருந்தேன். என் தாய் ஏன் என் முழங்கையைக் கிள்ளினார் என்பது அன்று விளங்கவில்லை.

கிராணி பக்கங்களைப் பரபரவென்று புரட்டினார். நான் தாண்டிய மல்லிகைப் பந்தல் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“இங்க பாரு! இது பூந்தோட்டம்! ராஜா வீட்டுப் பூந்தோட்டம்! படிக்கத் தெரியாத கூட்டம், பூந்தோட்டத்துக்கும் நம்ம தோட்டத்துக்கும் வித்தியாசம் தெரியல!”

சொற்பொருள் அளவில் அவர் கூற்றே சரி என்பதை நேர்மை கருதிப் பதிவுசெய்கிறேன். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. நான்கு புத்தகங்களையும் அங்கேயே வைத்துவிட்டுப் போகவேண்டும். இல்லையேல் என் தாய்க்கு உரிய சமதளத்து மரவரிசை பறிபோய், அடுத்த நாள் முதல் ‘மேட்டு நெரை’, அதாவது குன்றின்மேல் உள்ள மரங்கள் என்றார். பால் வாளிகளைச் சுமந்து அச்சரிவில் இறங்குவது என்னவென்று எனக்கும் தெரியும். நான் புத்தகங்களை மேசைமேல் வைத்துவிட்டேன்.

என் தாய்க்கு எழுத்துக்கூட்டவும் தெரியாது. அவர் நான்கையும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“எம்மவ நாலாவத இன்னும் முடிக்கலீங்க ஐயா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினார்.

மறுநாள் முதல் மேட்டு நெரைதான். எவ்வளவு காலம் என்பதில் என் தாயின் கணக்கும் மணியம்மா அக்காவின் கணக்கும் ஒத்துவராமையால் எழுதாமல் விடுகிறேன். வீடு பூட்டியிருக்கும் வேளையில் எவரும் புகுந்து எடுத்துவிடக் கூடாதென்று, அவர் புத்தகங்களைப் பையிலிட்டு ஒவ்வொரு நாளும் குன்றின்மேல் சுமந்தார். நாற்பதாம் பக்கத்துப் பால்துளி அங்கே விழுந்தது. பிற்பகலில் பை இறங்கும். நான் பைப்படிக்கு ஓடுவேன். முன்னிலும் உரக்க வாசித்தேன்.

பெண்களோ கிராணியின் திருத்தத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்.

“எந்தப் பூந்தோட்டத்துல லா மல்லிகைக்குப் பெரட்டு எடுக்குறாங்க?” என்று மணியம்மா அக்கா கேட்ட நாள் தொட்டு, “பூந்தோட்டத்துக்குக் கெளம்பியாச்சா?” என்பதே லயத்தின் காலை வணக்கமாயிற்று. அதைக் கிராணியால் தடுக்கவும் முடியவில்லை; அச்சொல்லைத் தந்தவரே அவர்.

நான் தமிழிலக்கணம் கற்பிப்பவள். பிறர் கட்டுரையில் ஓர் ஒற்று மிகினும் சிவப்பு மையைத் தேடுகிறவள். இந்தக் கதைகளை இலக்கியமென்று அழைக்கலாகாது என்று என் துறையினர் சொல்லும்போதெல்லாம், ஒட்டிய அப்பக்கங்களைக் காட்டுகிறேன். தோட்டம் என்ற சொல்லை நாங்கள் பிழையாக வாசித்தோம். அப்பிழையை நான் திருத்தப்போவதில்லை.

இன்று அந்தப் பால்மரங்கள் இல்லை. லயமும் பைப்படியும் பெரட்டு எடுத்த திடலும் இல்லை. அங்கே வீடமைப்புப் பகுதியொன்று எழுந்திருக்கிறது. வாயிற்பலகை ‘தாமான்’ என்று தொடங்குகிறது. மலாய்மொழியில் அச்சொல்லுக்குப் பூங்கா என்று பொருள். மணியம்மா அக்கா இப்போது அங்கேதான் குடியிருக்கிறார். சென்ற மாதம் பார்க்கச் சென்றபோது வாயிலிலேயே நின்று கூவினார்:

“கிராணி ஜெயிச்சிட்டாரு லா! கடைசில பூந்தோட்டத்துக்கே வந்துட்டேன். மல்லிகைதான் ஒண்ணும் காணல!”

எழுதியவர் பெயர் தெரியாது. நூல்களின் பெயர்களும் தெரியாது. நான்காம் நூல் என் கைக்கு வந்தபோதே அதன் கடைசித் தாள் இல்லை. குச்சியில் மந்திரமில்லை என்பதைப் பூதங்கள் அறிந்துகொண்டனவா என்பது தெரியாது.