சாய்வில் ஐந்து துளைகள்

அண்ணா எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், அவருடைய வாழ்க்கையை இந்த நினைவு மலரில் எழுதும் பொறுப்பை மச்சாள் என்னிடம் தந்தார். "நீங்கள் பேப்பருக்கு எழுதிற ஆள். கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்," என்றார். அண்ணாவுடன் இருபத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்தவர் சொன்ன சொல் அது. ஆகவே, குறைத்துவிட நான் விரும்பிய பகுதியையும் குறைக்காமல் எழுதுகிறேன்.

அண்ணா இலங்கைத்துறையில் பிறந்தார். தந்தையார் கரைவலை இழுத்தவர். காய்ச்சலில் இளவயதிலேயே காலமானார். பிள்ளைகள் நாங்கள் இருவர். நாடு சுதந்திரம் பெற்ற வருடம் அண்ணாவுக்குப் பதினாறு வயது. அப்போதே எங்கள் வீட்டு வாசலில் அவர் குனியாமல் நுழைய முடியாது. அந்த வயதில் திருகோணமலைக்கு வந்து துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். சுமந்தபடியே படித்துச் சோதனை எழுதி, மிருக வைத்தியப் பகுதியில் உதவியாளராகச் சேர்ந்தார். என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவரும், லிங்கநகரில் ஒரு துண்டுக் காணி எடுத்து வீடு கட்டி அம்மாவை அழைத்து வந்தவரும் அவரே.

மாடுகளுக்கு ஊசி போடுவது அவருடைய வேலை. தோப்பூர், மூதூர்ப் பக்கமெங்கும் அவரை 'மாட்டு டொக்டர்' என்றே அழைத்தார்கள். பட்டிக்குள் இறங்குமுன் வேலியோரம் நின்று மாடுகளின் முதுகுகளைப் பார்ப்பார். ஒருமுறை நானும் கூட நின்றேன்.

"அந்தச் சிவலையைப் பிரிச்சுக் கட்டுங்கோ," என்றார்.

"அது நல்லாத் தின்னுது, டொக்டர்," என்றார் பட்டிக்காரர்.

"தின்னும். முதுகை வளைச்சுக்கொண்டு நிக்குது. பிரிச்சுக் கட்டுங்கோ."

இரண்டு கிழமைக்குள் அந்தப் பசு செத்தது. மற்றவை தப்பின.

வேலைக்கு மோட்டார் சைக்கிள் தேவைப்பட்டது. துறைமுகத்தில் வேலை பார்த்து நாடு திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவரின் பழைய வண்டி கிடைத்தது. ஆறடி மூன்றங்குல மனிதர் அதில் ஏறி இருந்தபோது முழங்கால்கள் கைபிடியில் இடித்தன. தெருவில் நின்றவர்கள் சிரித்தார்கள். உட்துறைமுக வீதியில் இரும்பு ஒட்டுவேலைக் கொட்டில் வைத்திருந்த கிண்ணியா ஹனீபா நானாவிடம் அண்ணா வண்டியைக் கொண்டுபோனார்.

நானா அவரைச் சுற்றி வந்து பார்த்தார். "டொக்டர், ஒங்களுக்கு மோட்டார் சைக்கிள் சரிவராது. ஒட்டகம்தான் வேணும்."

"நீங்கள் மக்காவுக்குப் போனால் வரேக்க ஒண்டு கொண்டு வாங்கோ. அதுக்கும் ஊசி போட ஆள் இருக்கு."

நானா சீற்றை இரண்டங்குலம் உயர்த்திப் பின்னுக்குத் தள்ளினார். மருந்துப் பெட்டி முதுகில் இடிக்காதபடி, பெட்டிக்கு முன்னால் ஒரு சாய்வு அமைத்தார். சாய்வைத் தாங்க இரண்டு இரும்புப் பட்டைகள். ஒவ்வொன்றிலும் மேலிருந்து கீழாக ஐந்து துளைகள். அளவெடுக்க அவரிடம் ஒரு வழி இருந்தது. கொட்டிலின் கதவோடு போட்டிருந்த வாங்குப் பலகையில் அண்ணாவை நிமிர்ந்து இருக்கச் சொல்லி, தோளின் மட்டத்துக்குக் கதவில் பச்சைப் பெயின்றால் ஒரு கோடு இழுத்தார். சாய்வு முதலாவது துளையில் பூட்டப்பட்டது. தும்பு அடைத்த அந்தப் பலகை தோள்பட்டைக்குக் கீழே கச்சிதமாகப் பொருந்தியது.

"ஒரு துளை போதுமே, நானா. ஏன் அஞ்சு?" என்று அண்ணா கேட்டார்.

"நாளைக்கு நீங்க வித்தா, வாங்கிறவன் கட்டையா இருப்பான்."

அண்ணா விற்கவில்லை. பதினாறு ஆண்டுகள் அந்த வண்டியில் ஓடினார். ஆற்றைக் கடக்கப் பாதை என்னும் மிதவையில் வண்டியோடு ஏறுவார். அக்கரை சேரும்வரை இறங்காமல், இரண்டு பாதங்களையும் பலகையில் ஊன்றிச் சாய்ந்திருப்பார். பாடசாலை விடுமுறையில் மூத்த மகன் எண்ணெய்த் தாங்கியின் மேல் அமர்ந்து கூடவே போவான். பட்டிகளில் கறந்த சூட்டோடு நுரைப்பால் கொடுப்பார்கள். மறுத்தால் மனம் நோவார்கள் என்று இருவரும் குடிப்பார்கள்.

மறைவதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், மாரிமழை ஓய்ந்த கையோடு, அண்ணா முதல் தடவையாகச் சாய்வை ஒரு துளை இறக்கச் சொன்னார். புதுத் தும்பு தடிப்பாக இருக்கிறது, தோளில் முட்டுகிறது என்றார். ஆறேழு மாதம் கழித்து இரண்டாவது தடவை. அப்போது ஸ்பிரிங்கில் குறை என்றார். சீற்றையும் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளுவித்தார், கைபிடி எட்டவில்லையாம். நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. யோசிக்காததற்குக் காரணம் இருந்தது: அவருடைய பாதங்கள் எப்போதும் போலவே நிலத்தில் முழுதாக ஊன்றின. கால் குறையவில்லை. முதுகை யாரும் பார்க்கவில்லை.

மூன்றாவது தடவை போனபோது நானும் கொட்டிலில் நின்றேன்.

"நானா, இந்தச் சாய்வு வளர்ந்திட்டுது," என்று அண்ணா சிரித்தார்.

நானா சிரிக்கவில்லை. "இரும்பு வளராது, டொக்டர். ஒருக்கா வாங்கில இரிங்க."

"இதென்ன, பொம்பிளை பாக்கிற மாதிரி?" என்றபடி அண்ணா கதவோடு சாய்ந்து இருந்தார். நானா பார்த்தார். பிறகு, "சரி, எழும்புங்க," என்று மட்டும் சொல்லித் திருகுசாவியை எடுத்துச் சாய்வை இறக்கினார். நான் அன்றைய செய்தியைக் கொழும்புக்குத் தொலைபேசியில் சொல்லும் அவசரத்தில் இருந்தேன். கதவை நான் பார்க்கவில்லை.

மறுநாள் நானா தபாற்கந்தோர் வாசலில் எனக்காகக் காத்து நின்றார்.

"தம்பி, ஒரு கதை. டொக்டர் கோட்டுக்கு நாலு விரல் கீழ நிக்கிறாரு."

"கூனி இருந்திருப்பார், நானா."

"நிமிந்துதான் இருந்தாரு. நான் ரெண்டு தரம் பாத்தன். மூணு ஓட்டை எறக்கிட்டன், தம்பி. இனி எறக்க எனக்குக் கை வராது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க."

அன்று பின்னேரமே அண்ணாவிடம் போனேன். முதுகு நோகிறதா என்று கேட்டேன்.

"வயசு போகுது. றோட்டும் சரியில்லை. ஏலாமல் போனால் நான் சொல்லுவன்தானே?"

"நானா சொல்லுறார்..."

"நானா இரும்புக்கு டொக்டர். நீ போய் உன்ர வேலையைப் பார்."

கேட்டேன், பதில் கிடைத்தது, திரும்பி வந்தேன். செய்தி சேகரிப்பதில் ஒரே பதிலை நம்பக் கூடாது என்பது எனக்குத் தெரிந்த பாடம். வீட்டில் அதை நான் பின்பற்றவில்லை. எட்டு மாதங்கள் கழிந்தன. இடையில் அண்ணா ஐந்தாவது, கடைசித் துளைக்கும் இறங்கியிருந்தார். நானா மறுத்ததால் தானே சாவி பிடித்து இறக்கியிருக்கிறார். அது எங்களுக்குப் பின்னரே தெரிய வந்தது.

ஒருநாள் காலை, பாதை மிதவையில் வண்டிமேல் இருந்தவர் காலை ஊன்ற முயன்றார். கால் கேட்கவில்லை. வண்டி சரிய, பாதைக்காரர்கள் ஓடிவந்து அவரையும் வண்டியையும் பிடித்தார்கள். அவர்களே வைத்தியசாலைக்கும் கொண்டுவந்து சேர்த்தார்கள்.

வைத்தியர் எக்ஸ்றேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எலும்பைப் பற்றும் காசநோய். முள்ளந்தண்டின் எலும்புகள் அரிபட்டு ஒன்றின் மேல் ஒன்று இறங்கியிருந்தன. "பச்சைப் பால் குடிப்பாரா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "வேறு யார் கூடக் குடித்தது?" என்றார். மூத்த மகன் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். முன்னரே வந்திருந்தால் மருந்து கேட்டிருக்கக்கூடும் என்றார். எவ்வளவு முன்னர் என்று நான் கேட்கவில்லை.

அண்ணா ஏழு வாரங்கள் கட்டிலில் இருந்தார். நோய் நெஞ்சுக்கும் பரவியது. ஒருநாள் மச்சாள் வெளியே போயிருந்தபோது என்னிடம் சொன்னார்:

"எனக்குத் தெரியும், தம்பி. இரண்டாம் துளையிலேயே தெரியும்."

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"மாட்டு டொக்டருக்கு மாட்டில இருந்து காசம் எண்டால், நான் போன பட்டியிலயெல்லாம் ஆர் பால் வாங்குவான்? ஒவ்வொரு பட்டியாப் பாத்து, நோயானதுகளைப் பிரிச்சு முடிக்கட்டும் எண்டு பாத்தன். இன்னும் மூண்டு பட்டிதான் மிச்சம்."

அவருடைய குணத்தில் இதை நான் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வாசிப்பவர்கள் தீர்மானிக்கட்டும்.

அவர் மறைந்த அன்று, பெட்டி செய்பவர் உயரம் கேட்டார். ஆறடி மூன்றங்குலம் என்று யோசிக்காமல் சொன்னேன். ஊருக்கே தெரிந்த அளவு அது. உடலைப் பெட்டிக்குள் வளர்த்தியபோது காலடியில் ஒரு சாணுக்குக் கிட்ட வெற்றிடம் இருந்தது. மச்சாள் அதைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். முற்றத்தில் நின்ற ஹனீபா நானா சால்வையை மடித்து அந்த இடத்தில் வைத்தார்.

அண்ணாவைத் தாங்கிப் பிடித்த பாதைக்காரர்களுக்கும், வைத்தியசாலையில் ஏழு வாரமும் முகம் சுளிக்காமல் பார்த்த தாதிமாருக்கும், தோப்பூரிலிருந்து நடந்தே வந்து இறுதிக் கிரியையில் நின்ற பட்டிக்காரர்களுக்கும், அண்ணா விட்டுப்போன மூன்று பட்டிகளையும் பார்த்து முடித்த அவருடைய சக உத்தியோகத்தருக்கும், சமைத்தும் சுமந்தும் துணைநின்ற லிங்கநகர் அயலவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

ஹனீபா நானாவுக்குச் சொல்ல வேண்டிய நன்றி வேறு வகையானது. அண்ணாவின் வண்டியை இப்போது மூத்த மகன் ஓட்டுகிறான். தோப்பூரில் ஆசிரியராக இருக்கிறான். தகப்பனைப் போலவே உயரம். வண்டி கைமாறிய அன்று நானா சாய்வை மீண்டும் முதலாவது துளைக்கு ஏற்றினார்; அவனை அதே வாங்கில் இருத்தி, பச்சைக் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இழுத்தார். மாதம் ஒருமுறை வரச் சொல்லி இருத்திப் பார்க்கிறார். "நானா, நான் என்ன முடி வெட்டவா வந்தனான்?" என்று அவன் பகிடி பண்ணுவான்.

போன சனிக்கிழமை, சாய்வு தோளில் முட்டுகிறது, ஒரு துளை இறக்குங்கோ என்று அவன் கேட்டிருக்கிறான். நானா சாவியைத் தொடவில்லை. வாங்கில் இருத்தினார். "கோட்டிலதான் நிக்கிறீங்க," என்றார். மூன்று தரம் பார்த்த பிறகே சொன்னாராம். சொல்லிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்தார். "டொக்டரும் மொதல்ல இதைத்தான் கேட்டாரு, தம்பி," என்றார்.

திங்கட்கிழமை காலை நான் அவனை வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்கிறேன். தனக்கு ஒன்றுமில்லை, றோட்டுத்தான் சரியில்லை என்கிறான்.