கட்டிலுக்கு எதிர்ச்சுவர்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருஷத்துக் கடைசி மழையில் எங்கள் காஜா பேராங் வீட்டு உள்சுவர் ஊறிப் போனது. செங்கல் சுவர். கை வைத்தால் சில்லென்று ஒட்டும். அந்தச் சுவர் இருந்த அறையில்தான் என் மனைவி நெஞ்சு நோயோடு நான்கு மாதமாகப் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். ஈரம் ஆகவே ஆகாது, அறை காய்ந்தால்தான் மழைக்காலத்தைத் தாண்டுவாள் என்று வீட்டுக்கு வந்து மருந்து கொடுக்கும் ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் சொல்லிவிட்டுப் போனார். வேறு வீடு பார்க்க எனக்கு வக்கில்லை.

ஊருக்குக் கப்பலேறிய ஒரு துரையின் பங்களாவில் தடுப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடுவே வெள்ளை மாவை இறுக்கி, இருபுறமும் தடித்த காகிதம் ஒட்டிய பலகைகள். கேட்டு வாங்கி வந்தேன். முதலில் நூல் பிடி, புடைத்த செங்கல்லைக் கொத்து, அப்புறம் மரச்சட்டம், கடைசியில்தான் பலகை என்று பக்கத்து வீட்டுச் சீனத் தச்சர் மலாய் பாஷையில் படித்துப் படித்துச் சொன்னார். பொறுமை எனக்கு எந்த ஜென்மத்தில் இருந்தது? செங்கல்லைக் கொத்தாமல், கண்ணாலேயே மட்டம் பார்த்து, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் எல்லாவற்றையும் அடித்து முடித்தேன். நின்று பார்த்தேன். ஜம்மென்று இருந்தது.

மறுநாள் காலை அவள் கூப்பிட்டாள்.

"ஏங்க, ஜன்னலோரப் பலகை உள்வாங்கி இருக்கு."

"எனக்குத் தெரியலையே."

"நின்னு பாத்தா தெரியாது. வெளிச்சம் சாய்வா விழுது பாருங்க, படுத்துக் கெடக்கிறவளுக்குத்தான் தெரியும்."

ஆணியைப் பிடுங்கி, சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே மரச்சில்லைச் செருகினேன். அடுத்த நாள் இன்னொரு பள்ளத்தைச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் கீழ... ஆ, அங்கதான். அரிசிக் கடையில மூட்டை தூக்குறவருக்கு இவ்ளோ வந்ததே பெரிசு" என்று சிரிப்பாள், உடனே இருமுவாள். நான்கு மாதத்தில் மருந்தைத் தவிர நாங்கள் பேசிக்கொண்டது அந்தச் சுவரைப் பற்றித்தான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ஒரு காலை நல்ல மழை. பண்டார் ஹிலிர் அரிசிக் கடைக்கு வேலைக்குப் போக நேரமாகிவிட்டது.

"ஏங்க, நடுப் பலகைதான் ரொம்ப உப்பி இருக்கு."

அதைச் சரிசெய்ய வேண்டுமென்றால் எல்லாவற்றையும் பிரித்து, செங்கல்லைக் கொத்த வேண்டும். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"சும்மா இருக்க மாட்டியா நீ? படுத்துக்கிட்டு குத்தம் கண்டுபிடிக்கிறதே பொழப்பாப் போச்சா?"

சுத்தியலைத் தரையில் வீசிவிட்டுப் போனேன்.

மறுநாள் நானே குரலை இறக்கிக்கொண்டு கேட்டேன். "இப்ப எப்படி இருக்கு?"

"நேரா இருக்குங்க. நேத்து என் கண்ணுதான் சரியில்ல போல."

அப்புறம் எப்போது கேட்டாலும் அதே பதில்தான். நானும் நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. தச்சரைக் கூட்டி வந்து காட்டிப் பீற்றிக்கொண்டேன். அவர் பலகையைத் தடவிப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார், தலையை ஆட்டிவிட்டுப் போனார். அறை என்னவோ காய்ந்துதான் போனது. அவள்தான் மழைக்காலத்தைத் தாண்டவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்திருந்த உறவுகள் போன மறுநாள், விடிந்ததும் அவள் கட்டிலில் போய்ப் படுத்தேன். ஜன்னல் வழியாக வெளிச்சம் விழுந்தது. நடுப் பலகை வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. அதன் நிழலே ஒரு முழம் இருக்கும். குருடனுக்குக்கூடத் தெரியும். ஒவ்வொரு காலையிலும் இதைப் பார்த்துக்கொண்டேதான் நேராக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். என் வாய்க்குப் பயந்து சொல்லியிருக்கிறாள். அட பாவி, அட பாவி என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதேன்.

சத்தம் கேட்டுத் தச்சர் ஓடி வந்தார். கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு, அரை நாள் வேலைதான், நானே பிரித்துச் சரிசெய்து தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கோணல் என்று சொல்ல அந்த வீட்டில் இனி யாரும் இல்லை.