சித்தப்பா எழுதிய சீன்கள்

வச்சிரம் கொதிக்கிற வாடை இந்தக் காலத்தில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியவில்லை. பலகை ஒட்டுவதற்குத் தச்சர்கள் காய்ச்சும் பசை அது. மாட்டுத்தோலிலிருந்து எடுப்பது என்பதால், கொதி வந்ததும் ஈரச் செருப்பைத் தீயில் காட்டியது போல ஒரு நாற்றம் எழும்பி வீட்டை நிறைத்துவிடும். எனக்குப் பத்து வயதாயிருந்த அந்த ஐப்பசி மழையில், ஒழுகினசேரியில் எங்கள் வீட்டுத் தொழுவத்திலிருந்து வந்த அந்த வாடை தயிரிலும் தலைமுடியிலும் பாவாடையிலும் ஏறியதில், பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் இருந்தவள் பெஞ்சின் மறுகோடிக்குத் தள்ளி உட்கார்ந்தாள். அம்மா சுத்த சைவம். அடுக்களைக்குள் அதை விடமுடியாது என்று கண்டிப்பாகச் சொல்லி, "தொழுவத்துக்குக் கொண்டுபோங்க. பசு ஒண்ணும் சொல்லாது" என்று இடம் காட்டியதும் அவள்தான்.

அந்தப் பசை எங்கள் வீட்டுக்கு வந்தது நீலகண்டன் சித்தப்பாவால். அவர் அப்பாவின் ஒரே தம்பி. திருவனந்தபுரத்தில் சித்திரம் படித்துவிட்டு வந்தவர், வந்த வருஷமே கன்னியாகுமரிக் கடலைப் பெரிதாக எண்ணெய்ச் சாயத்தில் எழுதப்போவதாகச் சொல்லி, தெற்கு அறையில் கதவளவு கித்தான் ஒன்றை நிறுத்தினார். பாறை வந்தது, வானம் வந்தது, அலை மட்டும் வரவில்லை. காலையில் எழுதுவார், மாலையில் தள்ளி நின்று பார்ப்பார், விளக்கேற்றும் நேரத்தில் தகட்டுக் கத்தியால் சுரண்டி எடுத்துவிடுவார். கல்யாணம் முடிந்து பகவதிச் சித்தி வந்த பிறகும் அதே அலையைத்தான் சுரண்டிக்கொண்டிருந்தார். வேறு யாராவது ஒரு படம் கேட்டால், இது முடியட்டும் என்பார். "உலையில கிடந்து கொதிச்சா போதுமா, இலையில விழுந்தாத்தான் சோறு" என்று அம்மா அடுக்களையிலிருந்து சொல்வாள். சித்தப்பா காதில் விழும்படிதான் சொல்வாள்.

வடசேரியில் ஜவுளிக்கடை வைத்திருந்த அப்பா, தம்பியை ஒரு வார்த்தை கடிந்து பேசி நான் கேட்டதில்லை. ஆனால் சித்தி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், குலசேகரத்துக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் சித்தப்பாவுக்குக் கணக்கப்பிள்ளை வேலை பேசி முடித்துவிட்டு வந்தார். தை பிறந்ததும் போகவேண்டும் என்று ஏற்பாடு. சித்தப்பா மறுத்துப் பேசவில்லை. அன்று அவர் கத்தியைத் தொடாததைப் பார்த்துச் சித்தி அழுததாக அம்மா பிற்பாடு சொன்னாள்.

அந்தச் சமயத்தில் பழையாற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஓலைக்கொட்டகை போட்டு, மதுரைப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்று வந்து இறங்கியிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் புது நாடகம். மேடைக்குப் பின்னால் தொங்குகிற படுதாவுக்கு எங்கள் ஊரில் "சீன்" என்று பெயர். தெரு சீன், தர்பார் சீன், காட்டு சீன் என்று கதைக்குத் தக்கபடி இறக்குவார்கள். ஐப்பசி மழை அந்த வருஷம் விடாமல் அடித்ததில் கூரை பிரிந்து, சீன் எல்லாம் நனைந்து, வச்சிரத்தில் குழைத்த சாயமாகையால் காடும் அரண்மனையும் ஒன்றோடொன்று வழிந்து சேறாகிவிட்டன. கம்பெனியின் ஓவியக்காரர் அதற்கு முன்பே காய்ச்சலில் ஊருக்குப் போயிருந்தார். மானேஜர் குடையும் கையுமாக எங்கள் வீடு தேடி வந்து, வருகிற சனிக்கிழமைக்கு ஒரு தர்பார் எழுதித் தரவேண்டும் என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

அந்த அளவுக்கு ஒரு தர்பார் எழுத மூன்று மாதமாவது வேண்டும் என்று சித்தப்பா சொன்னார். மானேஜருக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. அவர் எழுந்து முற்றத்தில் இறங்கியபோது, கதவுக்குப் பின்னால் நின்ற சித்தி வெளியே வந்தாள். அந்நிய ஆண்கள் இருக்கும் இடத்தில் அவள் அப்படி வந்து நின்றதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

"நீங்க எழுதுகதும் சுரண்டுகதும் நான் வந்த நாளிலேருந்து பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றாள் சித்தப்பாவிடம். "நல்ல தர்பாரு வேண்டாம். சனிக்கிழமை திரை தூக்கும்போது அங்க ஏதாவது ஒரு தர்பாரு தொங்கணும். அம்புட்டுதான்."

அப்படித்தான் தொழுவத்தில் அடுப்பு மூண்டது. காடாத்துணியை, நெல் குவிக்கும் களத்துப்புரையில் விரித்து, நானும் என் அக்காவும் காவியும் நீலமும் அரைத்துக் கொடுக்க, சித்தப்பா பேய்பிடித்தவர் போல எழுதினார். எழுதினதைச் சுரண்ட வழியில்லை. வச்சிரச் சாயம் துணி குடித்த மாத்திரத்தில் காய்ந்துவிடும். இடதுபுறத் தூண் ஒன்று சாய்ந்துபோனதை அவர் கண்டபோது கம்பெனி வண்டி வாசலில் நின்றது.

சனிக்கிழமை நாங்கள் எல்லோரும் போனோம். சித்தப்பா எங்களோடு உட்காராமல் கடைசியில் மூங்கில் ஓரமாக நின்றார். ராஜா வந்து சிம்மாசனத்தில் அமர்ந்து முதல் பாட்டை எடுப்பதற்குள், தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல், "வே ராஜா, தள்ளி இரியும். தூணு மண்டையில சாயப்போகு" என்றது. கொட்டகை முழுக்கச் சிரித்தது. ராஜாவே சிரித்துவிட்டார். நான் திரும்பிப் பார்த்தபோது மூங்கில் ஓரத்தில் ஆளில்லை.

மறுநாள் காலை சித்தப்பா தகரப்பெட்டியில் வேட்டிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். தை வரை காத்திருக்க வேண்டாம், இன்றே தோட்டத்துக்குப் போய்விடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். மழை விடட்டும் என்று மட்டும் அப்பா சொன்னார். அந்த நேரம் பார்த்துக் கம்பெனி வண்டி வந்து, அதே தர்பார் சீனைச் சுருட்டியபடி முற்றத்தில் இறக்கிவிட்டது. வேறு துணி இல்லையாம். இதையே அலசிக் காயவைத்து அடுத்த வாரத்துக்குக் காடு எழுதவேண்டும் என்று மானேஜர் சொல்லியனுப்பியிருந்தார். திருப்பி எடுத்துப்போகச் சொன்னார் சித்தப்பா. வண்டிக்காரன் போய்விட்டான்.

சித்தி குனிந்து துணியின் ஒரு முனையைப் பிடித்தாள். வயிற்றுப்பிள்ளைக்காரி பாரம் தூக்குகிறாளே என்று அம்மா ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தாள். நானும் அக்காவும் நடுவில் தாங்கிக்கொண்டோம். பழையாறு வரைக்கும் நாங்கள் அதைச் சுமந்து போனதைத் தாங்கமாட்டாமல்தான் சித்தப்பா பின்னாலேயே வந்தார் என்று நினைக்கிறேன். ஆறு செம்மண் நிறத்தில் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. துணியைப் படித்துறையில் விரித்துத் தண்ணீருக்குள் தள்ளியதும், முதலில் சிம்மாசனத்தின் மஞ்சள் கலங்கியது, பிறகு திரைச்சீலையின் சிவப்பு, பிறகு அந்தத் தூண் மெல்ல நெளிந்து ஒரு நீலப் புகையாகி ஒழுக்கோடு போனது. சித்தப்பா முழங்கால் தண்ணீரில் நின்று அது போவதையே பார்த்தார். கடைசி நீலமும் கரைந்ததும், "போயிட்டு, மைனி. அவ்வளவுதான் அதுக்க ஆயுசு" என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது சிரிப்புதான். சித்தியின் கையிலிருந்த முனையை வாங்கிக் குனிந்து அவரே அலசத் தொடங்கினார்.

அடுத்த சனிக்கிழமை காடு தொங்கியது. மரமெல்லாம் வாழைபோல இருந்தது என்றாலும் யாரும் சிரிக்கவில்லை, மெச்சவும் இல்லை. அதையும் அலசினோம். பிறகு நந்தவனம், பிறகு சிறைச்சாலை, பிறகு சுடுகாடு. ஒரு சீன் மோசமாகப் போனால் அதை நினைத்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இருக்கவில்லை. திங்கட்கிழமை துணி நனைந்தாகவேண்டும். கார்த்திகை கழிவதற்குள் கரிக்கோடு போடாமலே தூண் நேராக நின்றது. தூரத்துத் தெருவைச் சின்னதாகக் காட்டும் வித்தையெல்லாம் அவர் திருவனந்தபுரத்தில் படித்ததுதான், ஆனால் கைக்கு வந்தது எங்கள் களத்துப்புரையில். தை பிறந்ததும் தோட்டத்து ஆள் ஒருவர் தேடி வந்து, தம்பி எப்போது வருவார் என்று கேட்டபோது, அப்பா கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடியே பதில் சொன்னார்.

"அவன் வரமாட்டான். அவனுக்குச் சனிக்கிழமை வேலை கிடக்கு."

பங்குனியில் கம்பெனி திருநெல்வேலிக்குப் போன பிறகும் வேலை நிற்கவில்லை. அம்மன்கோவில் கொடைவிழா நாடகங்களுக்காகத் தோவாளைக்காரர்கள் வந்தார்கள், புதுக்கடையிலிருந்து வந்தார்கள். கடைப்பலகை, பஸ்ஸின் நெற்றி எழுத்து, எதையும் அவர் தட்டவில்லை. எங்கள் தாலுகாக்கள் மலையாளத்து ராஜ்யத்திலிருந்து பிரிந்து சென்னையோடு சேர்ந்த வருஷம், ஊரிலுள்ள பலகையெல்லாம் தமிழுக்கு மாறவேண்டி வந்தபோது, சொன்ன நாளில் தருகிற ஆள் என்று அவர் வாசலில்தான் கூட்டம் நின்றது. எல்லாம் நன்றாயிருந்தன என்று சொல்லமாட்டேன். ஒரு யானைக்குப் பன்றிக்கண் வைத்ததும், ஒரு சரஸ்வதிக்கு வீணையைப் பிடிக்க விரல் போதாமல் போனதும் எனக்குத் தெரியும். தெற்கு அறைக் கித்தானைச் சட்டத்திலிருந்து கழற்றி மடித்து வைத்துவிட்டு, சட்டத்தை ஒரு மருந்துக்கடைப் பலகைக்குக் கொடுத்துவிட்டார்.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். கடற்கரைக் கிராமம் ஒன்றில் மாதாகோவில் திருவிழா நாடகத்துக்குக் கடல் சீன் கேட்டார்கள். ஒரே மத்தியானத்தில் எழுதி, அன்றைக்கே கொண்டுபோய்க் கட்டினார். நான் கூடப் போயிருந்தேன். மேடைக்கு முன்னால் வந்து நின்ற கட்டுமரத்தில் மீன்பிடிக்கிற பெரியவர் ஒருவர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சீனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம், "ஆடிக்கடலு. இதுல மரம் இறக்கப்பிடாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். சித்தப்பா கயிறு கட்டுவதை நிறுத்திவிட்டார். மேடைப் பலகையில் உட்கார்ந்துகொண்டார். வீட்டுக்கு வந்ததும் சித்தியிடம் அதை அப்படியே சொல்லிக் காட்டச் சொன்னார் என்னை. நான் சொல்லச் சொல்ல இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்றார்.

சித்தப்பா போனபோது நான் பேரன் பேத்தி எடுத்திருந்தேன். கொடைவிழாவுக்கு அவர் எழுதிக்கொண்டிருந்த தட்டி ஒன்று பாதியில் நின்றது. துக்கம் கேட்க வந்த கோவில்காரர்கள் அதைப் பற்றிக் கேட்கக் கூசினார்கள். சித்தியே, புதுக்கடையிலிருந்து ஆள் வரவழைத்து மீதியை எழுதி முடிக்கச் செய்து, சொன்ன நாளில் கட்டவைத்தாள். வானம் பாதி ஒரு நீலம், பாதி வேறு நீலமாக இருந்தது. மாற்றட்டுமா என்று அந்த ஆள் கேட்டதற்கு, நாள் ஆயிட்டுது, போட்டும் என்றாளாம்.

எங்கள் வீட்டுக்குத் திரும்புகிற சந்துக்கு அப்போது "சீன்காரர் முடுக்கு" என்று பெயர். களத்துப்புரை போய்விட்டது, கொட்டகை இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன, முடுக்கின் வாயில் ஒரு கண் ஆஸ்பத்திரி வந்திருக்கிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் ஆட்டோவில் ஏறியதும் என் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. ஓட்டுகிற பையன் திரும்பிப் பார்த்து, அது எங்கே பாட்டி என்கிறான். ஆஸ்பத்திரி பெயரைச் சொன்ன பிறகுதான் வண்டி நகர்கிறது.