சங்கு ஊதியதும் நின்ற பாட்டு

போன வாரம் கோத்தகிரி பஸ்ஸில் டிரைவர் ஒரு இங்கிலீஷ் பாட்டுப் போட்டிருந்தார். கிடாரும் கரகரத்த குரலுமாக ஒரு ஆள் பாடினான். என்ன பாட்டு என்று கேட்டேன்.

"அமெரிக்காவுல ஒரு பட்டிக்காட்டு ஆளுங்கம்மா. அவரு ஊர்க் கதைய அவரே கட்டிப் பாடி ஆல்பம் போட்டிருக்காருங்க."

"இதென்ன பெரிய சங்கதி, நானும் போட்டிருக்கேனுங்க" என்றேன். கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நீங்களாவது நம்புங்கள்.

தேயிலை விலை விழுந்த காலம் அது. கீழ் கோத்தகிரிப் பக்கம் எங்கள் எஸ்டேட்டில் வாரத்துக்கு மூன்று நாள்தான் வேலை. மற்ற நாளெல்லாம் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் உட்கார்ந்து பாட்டுக் கட்டினேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், பாட்டெல்லாம் தலைக்குள்ளேதான். அட்டைக்கடிக்கு ஒன்று, சூப்பர்வைசர் குடைக்கு ஒன்று என்று ஏழு சேர்ந்தது. பக்கத்து வீட்டுச் சரசு எதிர்ப்பாட்டுப் பாடுவாள். பஸ் ஸ்டாண்டு கேசட் கடைக்காரர் கேட்டுவிட்டு, கோயமுத்தூர் ஸ்டுடியோ ஒன்றில் ஒரு காலைப்பொழுது பிடித்துக் கொடுத்தார்.

அதற்கு அடுத்த வாரம் சரசு பனியன் வேலைக்குத் திருப்பூர் போவதாக இருந்தது. அவள் குரலைப் பிடிக்க அந்த ஒரு காலைதான். ஏழாவது பாட்டு எஸ்டேட்டை விட்டுப் போகிறவர்களைப் பற்றியது. கடைசி நாலு வரியை அவளே கட்டியிருந்தாள். எனக்குக்கூடப் பாடிக் காட்டவில்லை. "மைக்குலதான் பாடுவேனுங்க்கா, அப்பக் கேட்டுக்கங்க."

கை சும்மா இருந்தால் எங்களுக்குப் பாட்டு வராது. ஸ்டுடியோவில் காற்றிலேயே கொழுந்து கிள்ளிக்கொண்டு பாடினோம். வளையல் சத்தம் விழுகிறதென்று கழற்றச் சொன்னார்கள். சரிவுக்குச் சரிவு கேட்கப் பாடிய தொண்டை. சத்தத்தை அளக்கும் மெஷின் முள் சிவப்பை விட்டு இறங்கவில்லை. ஆறு பாட்டு முடிந்தது. ஏழாவதில் சரசுவின் முறை வரும் நேரம், பக்கத்து மில்லில் மதியச் சங்கு ஊதியது.

இரண்டு பேரும் பட்டென்று நிறுத்திவிட்டோம். சரசு முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தே விட்டாள்.

"ஏனுங்க்கா நிறுத்திட்டீங்க?" என்று ஸ்டுடியோக்காரர் ஓடிவந்தார்.

"சங்கு ஊதிருச்சுங்களே, கொழுந்து எடை போடப் போக வேண்டாமுங்களா?" என்றாள் சரசு.

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடிப்பதற்குள் அடுத்த முறைக்காரர்கள், ஒரு பக்திப்பாட்டுக் கோஷ்டி, ஆர்மோனியத்தோடு உள்ளே வந்துவிட்டார்கள்.

"இது அரைகுறையா இருக்குதுங்க்கா, கேசட்டுல இருந்து எடுத்துருவோம்" என்றார் ஸ்டுடியோக்காரர்.

"எடுக்காதீங்க. சங்கு ஊதுனா நிறுத்தறவங்கதானுங்க நாங்க. அப்படியே இருக்கட்டும்" என்றேன்.

திரும்பி மலையேறும்போது, "அந்த நாலு வரிய இப்பப் பாடுடி" என்று கேட்டேன்.

"போங்கக்கா, மைக்குக்குக் கட்டினத பஸ்ஸுலயா பாடுவாங்க?" என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். என்னைவிடக் கர்வக்காரி.

கேசட் சங்கோடுதான் வந்தது. அட்டையில் எங்கள் இரண்டு பேர் போட்டோவும் இருந்தது. லைன் லைனாகப் போட்டுக் கேட்டார்கள். சங்கு வந்ததும் சிரிப்பார்கள். பிறகு கேசட்டைப் பின்னால் சுற்றி அந்த இடத்தையே மறுபடி போடுவார்கள். என் பாட்டு செய்த வேலை அது.

இப்போது அந்தக் கேசட் கடையில் செல்போன் கவர் விற்கிறார்கள். கேசட் போட்டுக் கேட்க மெஷினும் யாரிடமும் இல்லை. லைன் வீடுகளில் பாதிக்குக் கூரை இல்லை. திருப்பூர் போன சரசு அங்கேயே காலமாகிவிட்டாள். ஆறரைப் பாட்டும் எனக்கு மனப்பாடம். கேட்டால் இப்போதே பாடுவேன். அந்த நாலு வரிதான் யாருக்கும் தெரியாது.