வெய்கோவின் பதினோராம் விதி

என் தங்கை ஆர்டிஸ் வெய்கோவைக் கட்டிக்கொண்டு நாற்பத்தொரு வருடமாகிறது. அதில் பாதியை அவன் கராஜில் கழித்தான், மீதியைத் தூங்கிக் கழித்தான். இப்படிச் சொன்னால் ஆர்டிஸ் கோபித்துக்கொள்வாள். மீன் பிடிக்கப் போன நாட்களை விட்டுவிட்டேனாம்.

சாலையில் பனி தள்ளும் லாரி ஓட்டி ஓய்வு பெற்றவன் அவன். மினசோட்டாவின் இந்த வடகோடியில் நவம்பரில் உறையும் ஏரி மே மாதம்தான் இளகும். அதுவரை ஓய்வு பெற்ற ஆண்பிள்ளைக்குப் போக்கிடம் இரண்டு. ஒன்று தேவாலயத்துக் காப்பி, இன்னொன்று கராஜ். காப்பி ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான்.

கராஜில் நிற்கும் தன் பிக்கப் வண்டி குளிரில் விறைத்துக் கிளம்ப மறுக்கிறது என்று ஒரு விறகு அடுப்பைக் கொண்டுவந்து இறக்கினான். ஆர்டிஸ் முகம் மாறியது. எங்கள் அப்பாவின் சௌனா, அதாவது அடுப்பு வைத்த நீராவிக் குளியல் அறை, இரண்டு தடவை எரிந்தது. இரண்டாவது தடவை ஆறு வயது ஆர்டிஸ் ஈரக் கம்பளியைப் பிடித்துக்கொண்டு பனியில் நின்றிருந்தாள். அந்தப் பயம் அவளைவிட்டுப் போகவேயில்லை. இப்போது அவர்கள் இருப்பதும் அப்பா கட்டிய வீடுதான். வீடு அவளுக்கு வந்தது, எனக்கு ஓட்டைப் படகு வந்தது. அதைப் பற்றி இன்னொரு சமயம் கோபப்படுகிறேன்.

அன்றைக்கு அவள் அடுப்பைப் பார்த்துச் சொன்னாள்: "கராஜ் எரிஞ்சா அது உன் பாடு. என் வீட்டு மேல ஒரு பொறி விழுந்துச்சு, அன்னியோட நமக்குள்ள எல்லாம் முடிஞ்சுது."

நாற்பது வருடத்தில் அவள் இப்படிப் பேசியதில்லை. வெய்கோ மிரண்டுபோனான். அன்றே தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஒரு சின்னப் புத்தகம் வாங்கி வந்தான். ஒட்டுப்பலகை ஒன்றில் சிவப்புப் பெயின்டால் விதிகளை எழுதி அடுப்புக்கு எதிரே மாட்டினான். ஆண்டவர் பத்துக் கட்டளையோடு நிறுத்திக்கொண்டார். என் மாப்பிள்ளைக்குப் பதினான்கு தேவைப்பட்டது.

காய்ந்த விறகு மட்டும்தான் எரிக்க வேண்டும். அடுப்பிலிருந்து மூன்றடிக்குள் எரியும் பொருள் எதுவும் இருக்கக் கூடாது. புகைக்குழாயில் படியும் கரிப்பிசினை மாதம் ஒருமுறை சுரண்ட வேண்டும். தீயணைக்கும் சிலிண்டர் கதவோரம் இருக்க வேண்டும், அடுப்போரம் அல்ல. விஷப்புகையை மோந்து கத்துகிற அலாரம் வேண்டும். நெருப்பை விட்டுவிட்டு வெளியே போகக் கூடாது. எல்லாம் நல்ல விதிகள்தான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாற்காலி முதுகில் என் கோட்டைப் போட்டதற்கு டேப்பை எடுத்து அளந்து, இரண்டு அங்குலம் குறைகிறது என்று என்னை எழுப்பி நிற்க வைத்த மனிதனை நான் எப்படி மன்னிப்பது?

பிறகு காப்பீட்டுக்காரர்களிடமிருந்து ஒரு பெண் பார்வையிட வந்தாள். பெட்ரோல் ஆவி தரையோடு தவழ்ந்து போய் நெருப்பைப் பிடிக்கும், அதனால் வண்டி நிற்கிற இடத்தில் அடுப்பு கூடாது, இரண்டில் ஒன்றை வெளியே அனுப்புங்கள் என்றாள். வெய்கோ யோசிக்கவே இல்லை, வண்டியை வெளியே அனுப்பினான். அதோடு பனி தள்ளும் இயந்திரம், பெட்ரோல் கேன், பெயின்ட் டப்பாக்கள், படகு மோட்டார் எல்லாம் போயின. பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரியில் பிக்கப் நட்சத்திரம் எண்ணிக்கொண்டு நின்றது. உள்ளே கதகதப்பில் நாங்கள் இரண்டு பேரும் இரண்டு நாற்காலிகளும் மட்டும் இருந்தோம்.

"வண்டிக்குக் குளிருதுன்னுதானே மாப்பிள்ளை அடுப்பு வாங்குன?" என்று கேட்டேன்.

"விதின்னா விதி மச்சான்," என்றான்.

பதினோராவது விதிதான் நமக்கு முக்கியம். சாம்பலை இரும்பு வாளியில் அள்ளி, இறுக மூடி, கட்டடங்களிலிருந்து பத்தடி தள்ளி வைக்க வேண்டும். அதற்காகவே மூடி போட்ட பளபளக்கும் வாளி ஒன்று வாங்கினான். காப்பீட்டுப் பெண் அதைத் தட்டிப் பார்த்து, இப்படி ஒழுங்காக வைத்திருப்பவர்களைப் பார்ப்பதே அபூர்வம் என்று பாராட்டிவிட்டாள். அவ்வளவுதான். பாராட்டு வாங்கிய வாளியில் யாராவது சாம்பல் போடுவார்களா? அதைத் துடைத்து, அடுத்த பார்வையிடலுக்காகப் பலகைக்குக் கீழே கொலுவில் வைத்துவிட்டான்.

சாம்பல் போனது ஐஸ்கிரீம் வந்த பிளாஸ்டிக் வாளியில். எங்கள் ஊரில் எந்த வீட்டைத் திறந்தாலும் அதில் இருபது இருக்கும். புளூபெர்ரி பறிக்க, உருளைக்கிழங்கு சாலட் கொண்டுபோக, தூண்டில் மீன் போட என்று எல்லாவற்றுக்கும் அதுதான்.

அந்த வாளியை அவன் கராஜில் வைக்கவில்லை. சாம்பல் கராஜில் இருக்கலாமா, விதி என்ன ஆவது? வீட்டு முன்தாழ்வாரத்தில், மரச்சுவரோரமாக வைத்தான். அதற்கும் ஒரு காரணம் இருந்தது. போன குளிர்காலத்தில் ஆர்டிஸ் வாசற்படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் கையில் மாவுக்கட்டு. அதனால் அடுப்பு வந்ததிலிருந்து தினமும் அவள் எழுந்திருக்கும் முன் படியில் உறைந்த பனிமேல் சாம்பல் தூவிவிட்டு வந்துவிடுவான். உனக்காகத்தான் செய்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவன் குடும்பத்தில் யாரும் அப்படியெல்லாம் சொல்லிப் பழக்கமில்லை.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். வெளியே காற்று பலமாக வீசியது. தீயணைப்புத் தொண்டர் ஒருவரின் இடுப்பில் இருந்த ரேடியோ கரகரத்து ஒரு முகவரியைச் சொன்னது. அத்தனை பேரும் வெய்கோவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வெய்கோ கையிலிருந்த ஏலக்காய் ரொட்டியை நிதானமாகத் தட்டில் வைத்தான். "எங்க கராஜா இருக்காது," என்றான்.

அவன் சொன்னது சரிதான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கராஜ் ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. தாழ்வாரம் இல்லை. சமையலறை இல்லை. முன்னறை கரிபிடித்துக் கிடந்தது, அடித்த தண்ணீர் சுவரெல்லாம் பனிக்கட்டியாகத் தொங்கியது. தொண்டர் ஒருவர் தாழ்வாரம் இருந்த இடத்தைக் காலால் கிளறி, வளைந்த கம்பிப்பிடி ஒன்றை எடுத்துக் காட்டினார். உருகிய பிளாஸ்டிக் அதில் ஒட்டியிருந்தது. முந்தின நாள் அள்ளிய சாம்பலுக்குள் கங்கு இருந்திருக்கிறது.

ஆர்டிஸ் அழவில்லை. கம்பியைப் பார்த்தாள், வெய்கோவைப் பார்த்தாள்.

"எத்தனாவது?"

"பதினொண்ணு," என்றான் வெய்கோ.

அதற்குப் பிறகு அவள் அவனோடு பேசவில்லை. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஐந்து வாரம். இரவில் என் வீட்டில் படுத்துக்கொண்டார்கள், தனித்தனி அறையில். வீட்டைப் பழுதுபார்க்க ஆட்கள் வந்ததும் பகலெல்லாம் அந்தக் கராஜில்தான் இருந்தாள். அங்கிருந்து பார்த்தால்தான் வீடு தெரியும் என்றாள். என் நாற்காலி அவளுக்குப் போய்விட்டது. நான் கவிழ்த்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, பேசாத இரண்டு பேருக்கு நடுவே காப்பி குடித்தேன். அவள் இவனை விட்டுப் போய்விடுவாள் என்றே நினைத்தேன். இத்தனை வருடம் அவனைக் கேலி செய்தவனுக்கு அது சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

வெய்கோவோ இப்போது சாம்பலைப் பார்த்தாலே நடுங்கினான். இரும்பு வாளியில் அள்ளுவான், மூடுவான், வெட்டவெளியில் பல நாள் போட்டுவைப்பான், பிறகு ஏரியின் உறைந்த நடுப்பகுதிவரை தூக்கிக்கொண்டு போய்க் கொட்டுவான். வாசலில் ஒரு சிட்டிகைகூடத் தூவமாட்டான். கூரைப் பனி உருகிக் கராஜ் வாசலில் கண்ணாடியாக உறைந்தபோதும், அறுபத்தாறு வயதில் முட்டிபோட்டு உளியால் கொத்தி எடுத்தான்.

பிப்ரவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை அப்படிக் கொத்திக்கொண்டிருந்தான். ஆர்டிஸ் எழுந்து வெளியே போனாள். தள்ளி வைத்திருந்த இரும்பு வாளியின் மூடியைத் திறந்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு, முறிந்து கூடிய அந்தக் கையைச் சாம்பலுக்குள் மணிக்கட்டுவரை நுழைத்தாள். வெய்கோ உளியைக் கீழே போட்டான். அவள் அடிவரை துழாவினாள், அவசரப்படவில்லை.

பிறகு வாளியைக் கொண்டுவந்து அவன் எதிரே வைத்தாள். "திங்கக்கிழமை சாம்பல். அடிவரைக்கும் ஜில்லுன்னு கெடக்கு. தூவு. நான் மறுபடி விழணுமா என்ன?"

வெய்கோ வாளியை எடுத்து வாசலில் தூவினான். அங்கிருந்து வண்டி நிற்குமிடம்வரை தூவினான். பிறகு வீடுவரை, இன்னும் கட்டி முடிக்காத படிவரை தூவிக்கொண்டே போனான். அங்கே படிக்குப் பதிலாக ஒரு பலகைதான் கிடந்தது. அதன்மேலும் தூவினான்.