செத்த டெஸ்டர்

ரம்யாஸ்ரீயைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல எனக்கு இஷ்டமே இல்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. வயிறு எரிகிறது, அவ்வளவுதான்.

நானும் அவளும் ஒரே வகுப்பில் எலெக்ட்ரிக்கல் படித்தோம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பம் அவளுடையது. அப்பாவுக்குச் சேலைக் கடையில் வேலை. மார்க்கில் நான்தான் முன்னால். படிப்பு முடிந்ததும் ஆன்லைன் கோர்ஸ்களாகப் படித்துத் தள்ளினேன். ஒன்பது சர்டிபிகேட், ஒன்பதுக்கும் லேமினேஷன். அவளோ மதுரை காளவாசலில் மலைச்சாமி அண்ணே நடத்துகிற மோட்டார் பட்டறையில் போய்ச் சேர்ந்தாள்.

"நாலு வருசம் படிச்சது மோட்டாருக்குக் காயில் சுத்தவா?" என்று கேட்டேன்.

"நீயும் வாடா பெனடிக்ட். அம்புட்டும் கையால கத்துக்கலாம்," என்றாள்.

நான் போவேனா? இரண்டு வருடம் அவள் மில் மில்லாக, தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேனல் போர்டுகளைக் கழற்றி மாட்டினாள். உள்ளங்கை காய்த்துப்போனது. எங்கள் அம்மாவே, "ஏட்டுச் சுரைக்கா கறிக்கு ஆகாதுடா, அந்தப் புள்ளையப் பாரு," என்று தினமும் ஆரம்பித்தாள். பெற்ற தாயே இப்படிப் பேசினால் எரியாதா?

போன மாதம் சீனியர் சூரியபிரகாஷ் ஒரு வேலை அறிவிப்பு அனுப்பினான். திருமங்கலம் தாண்டிக் கரிசல் காட்டில் ஒரு சோலார் மின் நிலையம். காலியாக இருப்பது ஒரே இடம். 'ரம்யாவுக்கும் அனுப்பிரு மாப்ள' என்று கீழே எழுதியிருந்தான். நான் அனுப்பவில்லை. நேர்முகத்துக்கு முந்தின நாள் அவள் கூப்பிட்டபோதும் போனை எடுக்கவில்லை.

நேர்முகத்துக்குப் போனால், வாசலில் அவளுடைய ஸ்கூட்டி!

"அடேய், வந்துட்டியா! இந்த வேலையச் சொல்லத்தான் நேத்து ரெண்டு தடவ கூப்பிட்டேன். நீ எடுக்கவே இல்ல," என்று சிரித்தாள். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

கேள்விகளுக்கெல்லாம் நான் கடகடவென்று பதில் சொன்னேன். கடைசியாக எங்களை ஒவ்வொருவராக உள்ளே அழைத்து ஒரு பேனல் போர்டு முன்னால் நிறுத்தினார்கள். முதலில் என்னைக் கூப்பிட்டு, அதிகாரி என் கையில் ஒரு டெஸ்டரைக் கொடுத்தார். "சுவிட்ச் ஆஃப் பண்ணியாச்சு. வேலையத் தொடங்குங்க," என்றார்.

டெஸ்டரை வைத்தேன். அதன் விளக்கு எரியவில்லை. "சப்ளை இல்ல சார்," என்று கம்பியில் கை வைத்தேன்.

"போதும் தம்பி. செத்தது லைன் மட்டுமில்ல, அந்த டெஸ்டரும்தான். லைனை நாங்க முன்னாடியே கட் பண்ணி வச்சதால பொழச்சீங்க," என்று ஓரமாக நிற்கச் சொன்னார்.

அடுத்து அவள் உள்ளே வந்தாள். அதே டெஸ்டர். பேனல் பக்கமே திரும்பாமல், நேரே சுவரிலிருந்த பிளக் பாயிண்டுக்குப் போனாள். அங்கே கரண்ட் இருந்தது, சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டெஸ்டரைச் செருகிப் பார்த்தாள்.

"இது வேல செய்யல சார். வேற குடுங்க."

அதிகாரியின் முகம் மலர்ந்தது. "இதெல்லாம் பட்டறையில கத்துக்கிட்டதாம்மா?"

"இல்ல சார், காலேஜ்ல. மூணாவது வருசம் லேப்ல கூடப் படிச்ச ஒருத்தன் செத்த டெஸ்டர நம்பிக் கை வச்சிட்டான். கரண்ட் தூக்கி எறிஞ்சிருச்சு. நான்தான் ஓடிப்போய் மெயினை ஆஃப் பண்ணேன். அன்னைல இருந்து டெஸ்டரையே ஒருதடவ டெஸ்ட் பண்ணாம எதையும் தொடுறதில்ல."

அந்த ஒருத்தன் நான்தான். மூன்று நாள் கை மரத்துக் கிடந்தேன். பட்டது நான், பாடம் படித்தது அவள்.

வேலை அவளுக்குத்தான். அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் அந்த லேப் கதையைச் சொன்னபோது அவள் என் பெயரைச் சொல்லவில்லை, என் பக்கம் திரும்பக்கூட இல்லை. சொல்லித் தொலைத்திருந்தால் அவளை வாயாரத் திட்டவாவது செய்திருப்பேன்.