டெங்கில் வரை ஒரு லோரி

முதலில் சட்டைக் காலரை முகர்ந்து பார்ப்பார் மஜீதா. “கிட்ட வாங்க அங்கிள், என்ன வெக்கம்?” சிகரெட் வாடை இருந்தால் பயிற்சிக்கு முன்னால் அர்ச்சனை நடக்கும். பிறகு மாத்திரை டப்பாவை வாங்கிக் காதருகே குலுக்குவார். முந்தாநாள் மாத்திரை உள்ளேயே கிடந்தால் இன்னொரு அர்ச்சனை.

மாரடைப்பு வந்து பிழைத்தவர்களை மறுபடி நடமாட வைப்பது அவர் வேலை. கிள்ளானில் ஒரு கிளினிக்கில் பதினெட்டு வருஷமாகப் பிசியோதெரபிஸ்ட். மறுபடி வந்துவிடுமோ என்ற பயத்தில் குளிக்கும்போது கதவைத் தாழிடாதவர்கள், செருப்பு மாட்டக் குனியாதவர்கள் எல்லாம் அவரிடம் வருகிறார்கள். நாடியைப் பிடிப்பதைவிட அவர்கள் வாயைப் பிடுங்குவதுதான் அதிகம். “பேச மூச்சு இருக்கா? அப்ப படி ஏறுங்க. பேச்சு திக்குனா நில்லுங்க. நெஞ்சு வலிச்சா உடனே உக்காந்து கூப்பிடுங்க. அவ்வளவுதான் லா.” ஆசிரியை என்றால் ஏறும்போது வாய்ப்பாடு சொல்ல வேண்டும். மாமியார்கள் மருமகளைத் திட்டிக்கொண்டே ஏறலாம்.

தம்புசாமி, தான் லோரி ஓட்டிய வழியைச் சொல்லிக்கொண்டே ஏற வேண்டும். முப்பது வருஷம் ஓட்டியவர். லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் மூன்றாவது மாடி அவர் வீடு. டாக்டர் ஏறலாம் என்று சொல்லி மூன்று வாரமாகியும், தனியாகப் படியேறப் பயந்து, பூச்சோங்கில் மகள் வாணி வீட்டு ஹாலிலேயே படுத்திருந்தார். மருமகன் அந்த மூன்றாவது மாடி வீட்டை வாடகைக்கு விட ஆள் பார்த்துவிட்டார். “சாமானோட சாமானா என்னையும் காலி பண்றான் மிஸ்ஸி” என்று மஜீதாவிடம் குறைபட்டுக்கொண்டார்.

கிளினிக் படிகளில் ஏறிவிட்டார், மஜீதா பக்கத்தில் இருந்தவரை. இன்று அவர் வீட்டுப் படி. மஜீதா கீழேயே நின்றுகொண்டார்.

“நீ வரலியா?”

“நாளைக்கு மார்க்கெட் போய்ட்டு வந்தா நானா கூட ஏறுவேன்? லோரிய எடுங்க. காப்பார்லேர்ந்து டெங்கில். டெங்கில்னா உங்க வீட்டு வாசல்.”

ஆள் மறைந்ததும் குரல் மட்டும் இறங்கி வந்தது. “காப்பார்ல ஜாம்... கிள்ளான் பாலம் தாண்டியாச்சு...” முதல் மாடி. “பூச்சோங்... மாப்பிள்ள வீட்டு முன்னால ரெண்டு ஹார்ன்...” இரண்டாவது மாடி.

அதற்கப்புறம் சத்தமே இல்லை.

மஜீதாவின் கை கம்பியைப் பிடித்திருந்தது. வலது கால் முதல் படிக்கு ஏறியிருந்தது.

மேலே இரும்புக் கதவு கிரீச்சிட்டது.

“டெங்கில் வந்தாச்சு! நடுவுல பிரேக் போட்டு மூச்சு வாங்கிக்கிட்டேன் மிஸ்ஸி, நீ சொன்ன மாதிரி!”

“சரி, சரி, கத்தாதீங்க” என்றபடி, படியில் வைத்த காலை மஜீதா கீழே எடுத்து வைத்தார்.